சிவப்பே இல்லாத மையம்

திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்தால் சிரித்துவிடுவாள். கடைசி சீட்டில் ஜன்னலோரமாகக் கத்திரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் இல்லையா, அவள்தான் பூங்காவனம். என் மையத்து ஆயா. இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே வேலை. ஒரே ஆபீஸுக்குப் போய்விட்டு ஒரே பஸ்ஸில் திரும்புகிறோம். அதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்து வர முடியுமா? உங்கள் பக்கத்தில் இடம் இருந்தது, வந்துவிட்டேன். இடைஞ்சல் இல்லையே? பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

நான் சின்னமோட்டூர் அங்கன்வாடியில் டீச்சர். தமயந்தி டீச்சர் என்றால் எங்கள் வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸ். இந்த இருபத்தாறு வருஷத்தில் என் மையத்தில் ஒரு குழந்தைகூட சிவப்பு கிடையாது. ஒன்றுகூட.

சிவப்பு என்றால் உங்களுக்குத் தெரியாது. எடை சமாசாரம். மாதம் ஒருமுறை, முதல் செவ்வாய்க்கிழமை, ஊரில் இருக்கிற எல்லாக் குழந்தைகளையும் கொண்டுவந்து எடை போட வேண்டும். வயசுக்கு ஏற்ற எடை இருந்தால் பச்சை. கொஞ்சம் குறைந்தால் மஞ்சள். ரொம்பக் குறைந்தால் சிவப்பு. முன்பெல்லாம் அட்டையில் புள்ளி வைப்போம். இப்போது செல்போனில் எண்ணைப் போட்டால் அதுவே கலரைக் காட்டிவிடுகிறது. சிவப்பு வந்துவிட்டால் தீர்ந்தது. சூப்பர்வைசர் போன் போடுவாள். வாரம் மூன்று முறை அந்த வீட்டுக்கு நடக்க வேண்டும். மாசக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். மல்லிப்பட்டி டீச்சர் ஒரு மாதம் நான்கு சிவப்பு காட்டினாள். எழுப்பி நிற்க வைத்து, 'என்னம்மா செய்யறீங்க சென்டர்ல, தூங்கறீங்களா?' என்று கேட்டார்கள். அழுதுவிட்டாள். அறிவிருப்பவள் நான்கு காட்டுவாளா?

எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். இரண்டு முறை. பீரோ மேல் இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, கேட்டால் சிரிப்பீர்கள். எடை மெஷினைக் கொக்கியில் மாட்டி, துணிப்பையில் குழந்தையை உட்கார வைத்துத் தொங்கவிடுவோம். நாலு பேர் பார்க்கக் குழந்தை அந்தரத்தில் ஆடுவதும், எடையை வாய்விட்டுச் சொல்வதும் கண்பட்டுவிடும் என்று தாய்மார்களுக்குப் பயம். அதனால் அன்றைக்கு மட்டும் அரைஞாண் கயிற்றில் ஒரு பூட்டைப் பூட்டிக் கொண்டுவருவார்கள். பெட்டிப் பூட்டு, சைக்கிள் பூட்டு, எதுவோ ஒன்று. இரும்புக்கு இரும்பும் ஆச்சு, பிள்ளையின் உடம்பு குறையாமல் பூட்டி வைத்த மாதிரியும் ஆச்சு என்று ஒரு நம்பிக்கை. மூட ஜனங்கள். படிப்பு இருந்தால்தானே? ஆனால் நான் கழற்றச் சொன்னதில்லை. தாயாருடைய மனசு நோகக்கூடாது, அதுதான் என் கொள்கை. சில பேர் பூட்டு இல்லாமல் வந்து நிற்பார்கள். ரொம்ப நோஞ்சான் பிள்ளையாக இருந்தால் தாய்க்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். அதற்கென்று ஸ்டோர் ரூம் பூட்டைக் கழற்றி நானே கட்டிவிடுவேன். எட்டு லீவர் பூட்டு, கைக்கு அடங்காது. இப்படி யார் செய்வார்கள் சொல்லுங்கள்? வேறு மையத்தில் போய்க் கேளுங்கள், ஒருத்தி செய்திருக்க மாட்டாள்.

கைக்குச் சுற்றிப் பார்க்க ஒரு நாடா கொடுத்திருக்கிறார்கள். அதிலும் மூன்று கலர். அதை நான் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டேன். வெளியே வைத்தால் அழுக்காகிவிடும்.

சரி, பூங்காவனத்துக்கு வருகிறேன். நாலாம் கிளாஸ். எனக்கு உதவியாளாக வந்து பதினோரு வருஷம் ஆகிறது. சமைக்க வேண்டும், பெருக்க வேண்டும், குழந்தைகளைக் கூட்டி வர வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. வாயைத் திறக்க மாட்டாள். அமுக்குணி. 'என்ன பூங்காவனம், உப்பு போட்டியா?' என்றால் 'ம்'. 'நாளைக்குச் சீக்கிரம் வா' என்றால் 'ம்'. பதினோரு வருஷத்தில் அவள் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இந்த டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அப்படிப்பட்டவளுக்கு ஜூலை மாதம் வாய் வந்தது.

மேனகா என்று ஒருத்தி. ஷூ கம்பெனிக்குப் போகிறாள். ஆறு மணிக்கு வேன் வரும், ஏறிக்கொள்வாள். பிள்ளையை ஓரகத்தி வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். ஓரகத்திக்கு ஏற்கெனவே மூன்று. அவள் என்ன பார்ப்பாள்? காலையில் டீயில் நனைத்த பன், மத்தியானம் ரசம் சாதம், சாயங்காலம் மறுபடியும் டீயில் பன். நான் கொடுக்கிற சத்துமாவு பாக்கெட் ஓரகத்தி வீட்டுக் கன்றுக்குட்டிக்குப் போகிறது. அந்தக் கன்றுக்குட்டியைப் பார்க்க வேண்டும் நீங்கள், பளபளவென்று. பிள்ளை லக்ஷிதா, இரண்டு வயசு, ஒரு மூலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். அழாது, ஓடாது, யார் பொம்மையையும் பிடுங்காது. தங்கமான குழந்தை. மேனகாவிடம் சொன்னேன்: "ஏம்மா, பெத்தவ நீ, ஒரு வாய் ஊட்டிட்டுப் போக முடியலையா உனக்கு?" அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அஞ்சு மணிக்கு எழுப்பினா வாய் தொறக்க மாட்டேங்குது டீச்சர்" என்றாள். பொறுப்பு இல்லாத ஜென்மங்கள்.

ஜூலை செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளைக்கு எடை போட்டேன். மேனகா வேலைக்குப் போய்விட்டாள், பூட்டு கொண்டுவரவில்லை. ஓரகத்தி தூக்கிக்கொண்டு வந்தாள். நான்தான் ஸ்டோர் ரூம் பூட்டைக் கட்டிவிட்டேன். கவுன் போட்டிருந்தது, கொலுசு போட்டிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தேன், வெயில் இல்லையா. எட்டு கிலோ இருநூறு. மஞ்சள். போனில் போட்டேன். முடிந்தது.

பூங்காவனம் குழந்தையை இறக்கினாள். இறக்கியவள் கீழே விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்ன நிக்கற? அடுத்த பிள்ளையைக் கொண்டா."

"டீச்சர், நேத்து சந்தையில ஒரு பூசணிக்காய் வாங்கினேன். இதைவிட அது கனமா இருந்துச்சு டீச்சர்."

பார்த்தீர்களா? பூசணிக்காய்! பதினோரு வருஷம் கழித்து வாயைத் திறந்தால் பூசணிக்காய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சரி, நாளைக்குப் பூசணிக்காயைக் கொண்டா, அதுக்கும் ஒரு அட்டை போட்டுடலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நான் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். பூங்காவனம் போய் அந்தப் பிள்ளையை மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்தாள். யார் சொன்னார்கள் இவளுக்கு? ஸ்டோர் ரூம் பூட்டைத்தான் காலையிலேயே கழற்றியாச்சு. இவள் கவுன், கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றினாள். மெஷினில் உட்கார வைத்தாள். நான் பார்க்காத மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏழு. அப்புறம் ஒரு ஆறு, ரெண்டு சைபர் காட்டுது டீச்சர்."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"நம்பர் தெரியும் டீச்சர். பஸ் நம்பர் பாத்துத்தான ஏறறேன்."

பீரோவைத் திறந்து அந்த நாடாவையும் எடுத்துவிட்டாள். சாவி எங்கே வைக்கிறேன் என்று பதினோரு வருஷமாகக் கவனித்திருக்கிறாள், ஊமைக் கோட்டான். கையில் சுற்றினாள். என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டினாள். சிவப்பில் நின்றது. நான் சொன்னேன், "சாயங்காலத்துல எல்லாப் பிள்ளைக்கும் உடம்பு இறங்கித்தான் இருக்கும். காலையில சாப்பிட்டது செரிச்சுடும் இல்ல? கொண்டுபோய் விட்டுட்டு வா." அவள் விட்டுவிட்டு வந்தாள். நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்தாள். நான் பீரோவைப் பூட்டினேன். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பதரை மணி. உலை வைத்துவிட்டு எங்கேயோ போனாள் பூங்காவனம். பத்து மணி ஆச்சு, பத்தரை ஆச்சு, ஆளைக் காணோம். பால்காரர் வந்து சொல்கிறார், "உங்க ஆயா, மேனகாவைக் கூட்டிக்கிட்டு பிள்ளையோட டவுன் பஸ் ஏறினாங்களே." வியாழக்கிழமை சாயங்காலமே வேன் நிற்கிற இடத்தில் போய் நின்று மேனகாவைப் பிடித்திருக்கிறாள். என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, அவளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். நான் ஒரு வருஷமாகத் திட்டியும் கேட்காதவள்!

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இருபத்திரண்டு குழந்தைகள். உலை கொதிக்கிறது. முட்டை வேகவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்த அடுப்படியில் நான் கரண்டி பிடித்ததில்லை. அன்றைக்குப் பிடித்தேன். சாதம் அடிப்பிடித்துவிட்டது. புகையில் கண் எரிகிறது. ஒரு வாண்டு தட்டை நீட்டிக்கொண்டு, "டீச்சர், இது வாணாம். ஆயா சோறு வேணும்" என்கிறது. அதைப் பார்த்து இருபத்திரண்டும் "ஆயா சோறு, ஆயா சோறு" என்று தட்டைத் தட்டுகின்றன. என் சர்வீஸில் இந்த மாதிரி ஒரு அவமானம் நடந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே படுக்கை போட்டுவிட்டார்களாம். சத்துக் குறைந்த குழந்தைகளுக்கென்று தனி வார்டு இருக்கிறது. பதினாலு நாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்தார்களாம். நெஞ்சில் சளி வேறு இருந்ததாம். 'இன்னும் ஒரு வாரம் போயிருந்தா எங்ககிட்ட கொண்டுவந்து பிரயோஜனம் இல்லை' என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பயமுறுத்தினால்தானே ஜனங்கள் தங்கும்?

பூங்காவனம் திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். சாயங்காலம் ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். மேனகா ஆறு நாளைக்கு மேல் லீவு எடுத்தால் கம்பெனியில் நிறுத்திவிடுவார்கள் என்று, மீதி நாளெல்லாம் இவள் சாயங்காலம் போய் வார்டில் படுத்துக்கொண்டு, காலையில் முதல் பஸ் பிடித்து வந்து எனக்கு அடுப்புப் பற்ற வைத்தாள். பகலில் ஓரகத்தி போய் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கன்றுக்குட்டிக்காரிதான்! என்னிடம் இவள் ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சாதம் மட்டும் நன்றாக இருந்தது.

நான் விடுவேனா? பேப்பர் எடுத்து எழுதினேன். 'உதவியாளர் பூங்காவனம் அனுமதியின்றிப் பணியிலிருந்து வெளியேறியதால் இருபத்திரண்டு குழந்தைகளின் உணவு பாதிக்கப்பட்டது.' பொய் ஒரு எழுத்து உண்டா அதில்? கிடையாது. மேலே அனுப்பினேன். அதற்குத்தான் இன்றைக்கு விசாரணை. இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். இன்றைக்கு மையத்தைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து ஊர் டீச்சரை அனுப்பினார்கள். அவள் மையத்தில் மூன்று சிவப்பு.

காலையில் கிளம்பும்போது தைரியமாகத்தான் கிளம்பினேன். அங்கே போய் உட்கார்ந்த பிறகு பார்க்கிறேன், எங்கள் ஆபீஸர் மேடம் கையில் இரண்டு பேப்பர். ஒன்று நான் போனில் போட்ட எடை, எட்டு இருநூறு. இன்னொன்று ஆஸ்பத்திரிச் சீட்டு. ஏழு கிலோ ஐந்நூற்று எண்பது. மூன்று நாள்தான் இடைவெளி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். புதிதாக வந்தவர், சின்ன வயசு. கண்ணாடி போட்டிருக்கிறார். போன வருஷம் தப்பான எடை போட்டதற்காக ஒரு டீச்சரை சஸ்பெண்ட் செய்தார்கள். எனக்கு ரிடையர் ஆக இன்னும் எட்டே மாதம்.

மேடம் என்னைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டார். "நீங்க ஏன் சொல்லாமப் போனீங்க?"

இவள் எழுந்து நின்றாள். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"டீச்சர்தாங்க அனுப்பினாங்க" என்றாள்.

பச்சைப் பொய்! பெரிய அதிகாரி முன்னால், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே!

"அவங்க அனுப்பினாங்கன்னா, அவங்களே ஏன் உங்க மேல எழுதிக் கொடுத்திருக்காங்க?"

"அது எங்களுக்குள்ள அடுப்படிச் சண்டைங்க. அன்னிக்கு சோறு தீய்ஞ்சு போச்சு. கோவத்துல எழுதிட்டாங்க."

"மூணு நாள்ல அறுநூறு கிராம் எப்படிம்மா குறையும்?"

"பேதிங்க மேடம். புதன்கிழமை பூரா பேதி. அதைப் பாத்துத்தான் டீச்சர், 'உடனே கொண்டுபோ'ன்னாங்க."

ஒன்றா இரண்டா? வரிசையாக மூன்று பொய். அந்த வாயில் இவ்வளவு இருந்ததா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பேப்பரை எடுத்து இரண்டாக மடித்து டிராயரில் போட்டார். என்னைப் பார்த்து, "இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் உங்க சென்டர்லேர்ந்து ஒரு குழந்தையைச் சரியா கண்டுபிடிச்சு அனுப்பியிருக்கீங்க. நல்லது. இப்படியே செய்யுங்க" என்றார்.

இப்பத்தானாம்! இரண்டு கேடயம் வாங்கியவளிடம் சொல்கிற பேச்சா இது?

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? "சரிங்க மேடம்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் பொய் சொல்கிறாள் என்று சொன்னால் அவள் வேலை போய்விடும். புருஷன் இல்லாதவள். பாவம் பார்த்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நன்றியாவது இருக்க வேண்டுமா இல்லையா? வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள். நான் குடிக்கவில்லை. அவள் குடித்தாள். மூடியைத் திருகிக்கொண்டே சொல்கிறாள்:

"டீச்சர், நாளைக்கு எடை போடற நாளு. எல்லாத்தையும் கழட்டிட்டே போட்டுடலாம் டீச்சர். நாடாவும் வெளியவே இருக்கட்டும்."

கேட்டீர்களா? 'போடலாமா' என்று கேட்கவில்லை. 'போட்டுடலாம்'. உள்ளே மூன்று பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்து மிரட்டுகிறாள். டீச்சர், டீச்சர் என்று மரியாதையாகவே மிரட்டுகிறாள். அப்போதிருந்து நான் அவளோடு பேசவில்லை.

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். நாளைக்குப் பூட்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். எனக்கு மெஷினே வேண்டாம். குழந்தை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருஷம் சும்மாவா? ஐந்து. சரியாக ஐந்து சிவப்பு. சுமித்ராவின் இரட்டையில் சின்னது. அது போன சித்திரையிலிருந்தே. டெய்லர் கோபியின் மகள், தலைமுடி செம்பட்டை தட்டிவிட்டது. ஏரிக்கரை வீட்டில் அக்கா தங்கை இரண்டும், அக்காவுக்காவது கொஞ்சம் பரவாயில்லை, தங்கைக்குத்தான் காலில் நீர் கோத்திருக்கிறது. அப்புறம் வார்டு மெம்பர் வீட்டுப் பேரன், ஒன்றரை வயசு. எந்தப் பிள்ளைக்கு எந்த மாதத்திலிருந்து என்றுகூடச் சொல்வேன். என்னை யார் கேட்டார்கள்? கலரைத்தானே கேட்டார்கள்.

ஒரே நாளில் ஐந்து சிவப்பு விழுந்தால் மேலே என்ன நினைப்பார்கள்? இவ்வளவு நாள் இந்த ஐந்தும் எங்கே இருந்தன என்று கேட்க மாட்டார்களா? அதனால் நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். ஆபீஸிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதே யோசித்துவிட்டேன். மாதத்துக்கு ஒன்று. போன் என் கையில்தானே இருக்கிறது. பூங்காவனத்தை எப்படியாவது சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவள் கேட்டதும் ஆச்சு, என் பெயரும் கெடாது. நாளைக்கு முதலில் டெய்லர் மகள், கோபி சண்டைக்கு வர மாட்டான். அடுத்த மாதம் இரட்டை. அதற்கடுத்த இரண்டு மாதமும் ஏரிக்கரை. மெம்பர் வீட்டுப் பையனைக் கடைசியில்தான் போட முடியும். பெரிய இடம். அந்த வீட்டுப் பிள்ளையைப் போய் சோற்றுக்கு இல்லாத பிள்ளை மாதிரி எழுதினால் ஊரில் குடியிருக்க முடியாது. அவனைத் தை மாதம் போடலாம். பொங்கல் முடியட்டும்.

அவன்தான் கொஞ்சம் இளைத்திருக்கிறான். ஐந்தில் அவன்தான் ரொம்ப. போன வாரம் அவன் கையில் பாட்டி ஒரு வெள்ளிக் காப்பைப் போட்டுவிட்டாள். கையைத் தூக்கினால் காப்பு தோள்பட்டை வரைக்கும் போகிறது. ஐந்தாறு மாதம்தானே. தாங்குவான். நேற்றுகூட என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். தாங்குவான் இல்லையா?

என்னம்மா, இவ்வளவு நேரம் ஊம் கொட்டிக்கொண்டு வந்தீர்கள். இதற்கு மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே.